கம்ப்யூட்டர் ஆன் பண்ணதும் கூடவே எந்திரிக்கிறவங்க யாரு? ஸ்டார்ட்அப் புரோகிராம்களைக் கையாளும் முறை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை, நிறைய டெக்னிக்கல். சொந்தக் கதையில தப்பு என்னோடது. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

எங்க மாமா தூத்துக்குடியில கஸ்டம்ஸ் புரோக்கர். துறைமுகம் வழியா வெளிநாடு போற சரக்குக்கு ஷிப்பிங் பில் போடுறது, கஸ்டம்ஸ் அனுமதி வாங்குறதுன்னு வேலை. ஆபீஸ்ல மூணு கம்ப்யூட்டர். அதுல ஒண்ணு ரொம்பப் பழசு. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்ப மாமா சொன்னாரு: "மருமவனே, இந்தப் பெட்டி எந்திரிக்கதுக்குள்ள நான் டீ குடிச்சி, பேப்பர் பாத்து, திரும்பி வந்துருதேன். இதுக்கு ஒரு வழி பண்ணு."

போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாத்தேன். பவர் பட்டனை அழுத்தினதுல இருந்து பிரவுசர் ஒழுங்கா திறக்குற வரைக்கும் ஏழு நிமிஷம். ஆனா டெஸ்க்டாப் ரெண்டே நிமிஷத்துல வந்துடுச்சு. மீதி அஞ்சு நிமிஷம் என்ன நடந்துச்சு? அதுதான் இன்னைய டாபிக்.

ஆன் பண்ணதும் என்ன நடக்குது?

வரிசையாப் பாப்போம். பவர் வந்ததும் முதல்ல ஓடுறது மதர்போர்டுல இருக்கிற ஃபர்ம்வேர். பழைய மெஷின்ல பயாஸ், புதுசுல யூஇஎஃப்ஐ. அது மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு, டிஸ்க்ல இருக்கிற பூட்லோடரைக் கூப்பிடும். பூட்லோடர் விண்டோஸ் கெர்னலை மெமரிக்குக் கொண்டு வரும். கெர்னல் கூடவே டிரைவர்கள் எந்திரிக்கும். அப்புறம் சர்வீஸ்கள், அதாவது திரையில முகம் காட்டாம பின்னாடி வேலை பாக்கிறவங்க. அதுக்கப்புறம்தான் நீங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள வர்றீங்க. நீங்க வந்ததும், உங்க பேரைச் சொல்லிக் காத்திருந்த ஆப்ஸ் எல்லாம் மொத்தமா கிளம்பும். சாட் ஆப், கிளவுட் டிரைவ், பிரிண்டர் உதவியாளர், கேம் லாஞ்சர், பாட்டு ஆப்னு ஒரு கூட்டம்.

மாமா மெஷின்ல அந்த அஞ்சு நிமிஷத்தைத் தின்னது இந்தக் கடைசிக் கூட்டம்தான்.

தூத்துக்குடி ஆளுங்களுக்கு இது சுலபமாப் புரியும். நம்ம வ.உ.சி. துறைமுகம் கடலுக்குள்ள கல்லைக் கொட்டிக் கட்டின செயற்கைத் துறைமுகம். வடக்கயும் தெற்கயும் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ரெண்டு அலைத்தடுப்புச் சுவர். நடுவுல கப்பல் நுழைய ஒரே ஒரு வாய். பத்து கப்பல் ஒரே நேரத்துல வந்தாலும் பத்தும் ஒண்ணா உள்ள போக முடியாது. வெளியில நங்கூரம் போட்டு நிக்கணும். பைலட் ஏறணும், டக் படகு இழுக்கணும், பெர்த் காலியா இருக்கணும். கூட்டம் ஜாஸ்தியானா அவசரச் சரக்கோட வந்த கப்பலும் சேந்துதான் காத்துக் கிடக்கும்.

கம்ப்யூட்டர்ல அந்த ஒத்தை வாய், டிஸ்க். குறிப்பா பழைய ஹார்ட் டிஸ்க். தட்டு சுத்த, ஊசி மாதிரி ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும். அங்கங்க சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கணும்னா நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் முடியும். இருபது புரோகிராம் ஒரே நேரத்துல "எனக்கு இதைக் கொடு, எனக்கு அதைக் கொடு"ன்னு கேட்டா, அந்தக் கை இங்கயும் அங்கயும் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பிரவுசரை கிளிக் பண்றது இருபத்தி ஒண்ணாவது கோரிக்கை. எஸ்எஸ்டில நகர்ற பாகமே கிடையாது, நொடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கும். அதனாலதான் எஸ்எஸ்டி போட்ட மெஷின்ல இதே கூட்டம் இருந்தாலும் உங்களுக்கு உறைக்காது. ஆனா மெமரியையும் பேட்டரியையும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கும்.

எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்காங்க?

விண்டோஸ்ல ஒரு புரோகிராம் தானா எந்திரிக்கிறதுக்கு முக்கியமா நாலு வாசல் இருக்கு.

ஒண்ணு, ஸ்டார்ட்அப் ஃபோல்டர். விண்டோஸ் பட்டனும் ஆர் எழுத்தும் சேத்து அழுத்தினா ரன் பெட்டி வரும். அதுல இங்கிலீஷ்ல ஷெல், ஒரு கோலன், ஸ்டார்ட்அப், நடுவுல ஸ்பேஸ் இல்லாம டைப் பண்ணுங்க. ஒரு சாதாரண ஃபோல்டர் திறக்கும். அதுக்குள்ள எந்த ஷார்ட்கட்டைப் போட்டாலும் லாகின் ஆனதும் ஓடும். ரொம்பப் பழைய வழி, இன்னும் வேலை செய்யுது.

ரெண்டு, ரெஜிஸ்ட்ரில இருக்கிற ரன்னுங்கிற இடம். உங்க யூசருக்கு ஒண்ணு, மெஷினுக்குப் பொதுவா ஒண்ணு. பெரும்பாலான ஆப்ஸ் இன்ஸ்டால் ஆகும்போது இங்கதான் சத்தமில்லாமப் பேரை எழுதி வைக்கும்.

மூணு, சர்வீஸ்கள். இவங்க நீங்க லாகின் ஆகுறதுக்கு முன்னாடியே எந்திரிக்கலாம். ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட், மேனுவல், டிஸேபிள்டுன்னு நாலு நிலை. இதுல டிலேய்ட் ஸ்டார்ட்னா "கூட்டம் குறைஞ்சதும் வா"ன்னு அர்த்தம். மத்த ஆட்டோமேட்டிக் சர்வீஸ் எல்லாம் கிளம்பி, வழக்கமா ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் இது எந்திரிக்கும். விண்டோஸ் விஸ்டாவுல வந்த வசதி.

நாலு, டாஸ்க் ஷெட்யூலர். "லாகின் ஆனதும் ஓடு", "தினம் பத்து மணிக்கு ஓடு"ன்னு சொல்லி வைக்கிற இடம். நிறைய அப்டேட்டர்கள் இங்கதான் குடியிருக்கு.

சரி, எப்படிப் பாக்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10ல சின்னதாத் தெரிஞ்சா கீழ இருக்கிற மோர் டீட்டெயில்ஸை அமுக்கிட்டு ஸ்டார்ட்அப் டேபுக்குப் போங்க. விண்டோஸ் 11ல இடது பக்கம் ஸ்டார்ட்அப் ஆப்ஸ்னு இருக்கும்.

அங்க ஸ்டார்ட்அப் இம்பாக்ட்னு ஒரு காலம் தெரியும். ஹை, மீடியம், லோ. இது குத்துமதிப்பு இல்ல, அளவு இருக்கு. ஒரு ஆப் எந்திரிக்கிறப்ப 1 நொடிக்கு மேல சிபியு நேரமோ, 3 எம்பிக்கு மேல டிஸ்க் வேலையோ எடுத்தா ஹை. 300 மில்லி செகண்டுக்கும் 300 கேபிக்கும் கீழ இருந்தா லோ. நடுவுல இருந்தா மீடியம்.

வேண்டாத ஆப் மேல ரைட் கிளிக் பண்ணி டிஸேபிள் கொடுத்தாப் போதும். இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க: டிஸேபிள் பண்ணா ஆப் அழியாது, அன்இன்ஸ்டால் ஆகாது. தானா எந்திரிக்காது, அவ்வளவுதான். நீங்க தேடிப் போய் கிளிக் பண்ணா வழக்கம் போலத் திறக்கும். தப்புன்னு தோணுச்சுன்னா அதே இடத்துல எனேபிள் கொடுத்துடலாம்.

இந்த டேப் முதல் ரெண்டு வாசலைத்தான் முக்கியமாக் காட்டும். சர்வீஸையும் டாஸ்க் ஷெட்யூலரையும் தனியாத்தான் பாக்கணும். எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்கணும்னா ஆட்டோரன்ஸ்னு ஒரு டூல் இருக்கு. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்புல வர்றது, மைக்ரோசாஃப்ட் தளத்துல இலவசம். திறந்ததும் நூத்துக்கணக்குல வரி வரும். பயப்படாம ஆப்ஷன்ஸ்ல போய் மைக்ரோசாஃப்ட் என்ட்ரிகளை மறைக்கச் சொல்லுங்க. மிச்சம் இருக்கிறதுதான் வெளியில இருந்து வந்தவங்க. அங்கயும் டிக்கை மட்டும் எடுங்க, டெலீட் பண்ணாதீங்க. டிக்கைத் திரும்பப் போடலாம், டெலீட் பண்ணதைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

நான் பண்ண தப்பு

மாமா மெஷின்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். இருபத்தி மூணு ஆப். ரெண்டு பிரிண்டர் உதவியாளர், அதுல ஒரு பிரிண்டர் வீட்டுலயே இல்ல, எப்பவோ எடைக்குப் போட்டாச்சு. மூணு சாட் ஆப். கேம் லாஞ்சர் ஒண்ணு, யாரு போட்டாங்கன்னு கேட்டா யாரும் வாயைத் திறக்கல. நான் இன்ஜினியர் இல்லையா, கெத்தா வரிசையா டிஸேபிள், டிஸேபிள்னு போனேன். பேர் தெரியாததையும் சேத்து. ரீஸ்டார்ட் பண்ணா மூணு நிமிஷத்துக்குள்ள ரெடி. மாமா மக்ரூன் வாங்கிக் கொடுத்தாரு. நானும் சந்தோஷமாத் தூங்கினேன்.

மறுநாள் காலையில போன். திருப்பூர்ல இருந்து வந்த பனியன் சரக்கு ராத்திரியே சிஎஃப்எஸ்ல இறங்கியாச்சு. அதுக்கு ஐஸ்கேட் தளத்துல ஷிப்பிங் பில் போடணும். பில் ஏறினாத்தான் கஸ்டம்ஸ்ல பாப்பாங்க, அனுமதி கொடுப்பாங்க, கன்டெய்னர்ல ஏத்துவாங்க. கன்டெய்னர் சாயங்காலம் கட்-ஆஃபுக்கு முன்னாடி டெர்மினல் கேட்டுக்குள்ள போயாகணும். நம்ம ஊர்ல இருந்து நிறைய கன்டெய்னர் ஃபீடர் கப்பல்ல கொழும்பு போய், அங்க பெரிய கப்பல் மாறும். ஃபீடரை விட்டா, கொழும்புல பிடிக்க வேண்டிய பெரிய கப்பலையும் விட வேண்டியதுதான். வாங்குறவர்கிட்ட யாரு பதில் சொல்றது?

ஷிப்பிங் பில்லுக்கு டிஜிட்டல் கையெழுத்து வேணும். அது ஒரு யுஎஸ்பி டோக்கன்ல இருக்கும். ஃபைலிங் பாக்கிற அக்கா டோக்கனைச் சொருகுறாங்க, விளக்கு எரியுது, ஆனா கையெழுத்துப் போடப் போனா "சர்ட்டிஃபிகேட் இல்ல"ன்னு வருது. கழட்டி மாட்டிப் பாத்தாச்சு, வேற போர்ட்ல போட்டுப் பாத்தாச்சு. டோக்கனே செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணி, புதுசுக்கு எங்க அலையுறதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. மாமா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "நல்லா இருந்த பெட்டியை என்னலே பண்ணித் தொலைச்ச?"

நடந்தது இதுதான். டோக்கனோட ஒரு சின்னப் புரோகிராம் வரும். அது பின்னாடி உக்காந்து, டோக்கன் சொருகினதும் அதுல இருக்கிற சர்ட்டிஃபிகேட்டை விண்டோஸுக்கு அறிமுகப்படுத்தும். அதோட பேரு ஏதோ நாலெழுத்துச் சுருக்கம். நான் அதை என்னன்னு பாக்காம டிஸேபிள் பண்ணிட்டேன். டோக்கன் நல்லாத்தான் இருந்துச்சு. அதை அறிமுகப்படுத்த வேண்டிய ஆள் எந்திரிக்கவே இல்ல.

கண்டுபிடிக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. சரி பண்ண அரை நிமிஷம்: ஸ்டார்ட் மெனுல அந்தப் புரோகிராமைத் தேடி கிளிக், அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல எனேபிள். பில் ஏறுச்சு. கேட் மூடுறதுக்குள்ள கன்டெய்னரும் போய்ச் சேந்துச்சு. ஆனா அந்த நாப்பது நிமிஷம் அந்த அக்கா முகம் இருந்த இருப்பை நான் மறக்கல. நான் ஊர்ல இல்லாதப்ப இது நடந்திருந்தா, என்ன மாத்தினேன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் எழுதி வைக்கவே இல்லையே.

எதை விடலாம், எதைத் தொடக்கூடாது?

அதுக்கப்புறம் நான் ஒவ்வொரு வரியையும் பாத்து மூணு கேள்வி கேக்குறேன். இது யாரு? ரைட் கிளிக்ல சர்ச் ஆன்லைன், ஓபன் ஃபைல் லொகேஷன் ரெண்டும் இருக்கு. இது தானா எந்திரிக்கலன்னா எனக்கு என்ன நின்னு போகும்? நின்னு போனா எனக்கு உடனே தெரியுமா?

மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பாட்டு ஆப் எந்திரிக்கலன்னா உடனே தெரியும், கிளிக் பண்ணித் திறந்துக்கலாம். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி பேக்கப் ஆப் எந்திரிக்கலன்னா தெரியவே தெரியாது. மூணு மாசம் கழிச்சு டிஸ்க் போனதும், கடைசி பேக்கப் மூணு மாசத்துக்கு முன்னாடின்னு அப்பத்தான் தெரியும்.

அதனால தைரியமா டிஸேபிள் பண்ணலாம்னா: கேம் லாஞ்சர், பாட்டு ஆப், தினம் பயன்படுத்தாத சாட் ஆப், மீட்டிங் ஆப், பிரிண்டர் கம்பெனியோட "உதவியாளர்". இந்தக் கடைசி ஆள் இல்லாமயும் பிரிண்ட் பெரும்பாலும் வரும், ஏன்னா பிரிண்ட் பண்றது டிரைவர். டிஸேபிள் பண்ணதும் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாத்துக்கோங்க. தொடக்கூடாதது: ஆன்டிவைரஸ், பேக்கப், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டது, டோக்கன், பயோமெட்ரிக், ஆபீஸ் விபிஎன். பிரவுசரோட அப்டேட்டரையும் நிறுத்தாதீங்க. ரெண்டு நொடி மிச்சம் பிடிக்கப் போய் பாதுகாப்பு அப்டேட்டை இழக்க வேண்டாம். ஆபீஸ் லேப்டாப்னா ஐடி டீமைக் கேக்காம எதுலயும் கை வைக்காதீங்க.

ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ஆப் மட்டும் டிஸேபிள் பண்ணுங்க. பேரையும் தேதியையும் ஒரு தாள்ல எழுதி மானிட்டர்ல ஒட்டுங்க. அளந்து பாக்கும்போது ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் கொடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணாலும் கெர்னல் நிலையை டிஸ்க்ல சேமிச்சு வச்சுட்டுத்தான் அணையும். ரீஸ்டார்ட்தான் முழுசா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

சீக்கிரம் எந்திரிக்கிறவன் விழுந்தா

இதெல்லாம் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்கள்ல நீலத் திரை, கையால எழுதின போர்டிங் பாஸ். சென்னையிலயும் செக்-இன் கையால நடந்துச்சு. கிரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர். அதோட டிரைவர், பூட் ஆகும்போதே கெர்னல் கூட எந்திரிக்கிற வகை. வைரஸுக்கு முன்னாடி எந்திரிச்சாத்தான் காவல் காக்க முடியும், அதனால அது சரியான முடிவுதான். அன்னைக்கு நம்ம நேரப்படி காலை 9.39க்கு ஒரு தப்பான அப்டேட் ஃபைல் போச்சு. 78 நிமிஷத்துல திரும்ப எடுத்துட்டாங்க. அதுக்குள்ள சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் பாதிக்கப்பட்டதா மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொல்லுச்சு.

திரும்ப எடுத்தும் நிறைய மெஷின் ஏன் எந்திரிக்கல? அந்த டிரைவர் ஒவ்வொரு தடவையும் முதல் ஆட்களோட எந்திரிக்குது, தப்பான ஃபைலைப் படிக்குது, மெஷினோட விழுது. சரியான ஃபைலை நெட்ல இருந்து இறக்குற அளவுக்கு மெஷின் உயிரோட இருக்கிறதே இல்ல. வழி என்னன்னா சேஃப் மோட். அத்தியாவசிய ஆட்களை மட்டும் எழுப்புற நிலை அது. அதுல போய் அந்த ஃபைலை அழிக்கணும். பல இடத்துல ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் போய் நிக்க வேண்டியிருந்துச்சு.

துறைமுகங்களுக்கு இதைவிட மோசமான நாள் ஒண்ணு உண்டு. 2017 ஜூன் 27, நாட்பெட்யா. உக்ரைன்ல ஒரு கணக்கு சாஃப்ட்வேரோட அப்டேட் வழியா ஆரம்பிச்சு, மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை முடக்குச்சு. மும்பை ஜேஎன்பிடில அவங்க குழுமத்தோட டெர்மினலும் நின்னுச்சு. அது உள்ள வந்ததும் பூட்லோடர் இருக்கிற இடத்தையே தன்னோட கோடால நிரப்பிட்டு, டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு ரீஸ்டார்ட்டைக் குறிச்சு வைக்கும். அடுத்த தடவை ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னாடியே அது எந்திரிச்சுடும். டிஸ்க்கைச் சரி பார்க்குற மாதிரி ஒரு பொய்த் திரையைக் காட்டிக்கிட்டே, டிஸ்க்ல எந்த ஃபைல் எங்க இருக்குங்கிற பட்டியலைப் பூட்டிடும். 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் எல்லாத்தையும் பத்தே நாள்ல புதுசா இன்ஸ்டால் பண்ணோம்னு மெர்ஸ்க் தலைவர் அடுத்த வருஷம் டாவோஸ்ல சொன்னாரு.

கெட்ட சாஃப்ட்வேர் எழுதுறவங்க எல்லாரும் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் எப்படித் திரும்ப எந்திரிக்கிறதுன்னு யோசிப்பாங்க. அதுக்கு அவங்க தேடுறதும் நாம பாத்த அதே வாசல்கள்தான். அதனால மாசம் ஒரு தடவை அந்தப் பட்டியலைப் பாக்கிறது வேகத்துக்காக மட்டும் இல்ல. போன மாசம் இல்லாத ஒரு பேரு இந்த மாசம் இருந்தா, யாருப்பா நீன்னு கேக்கணும்.

மேக் வச்சிருக்கவங்க சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாகின் ஐட்டம்ஸ் போங்க. லினக்ஸ் மக்கள் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்னு டெர்மினல்ல அடிச்சா, எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு வரிசையா வரும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

எங்க ஊர்ல முத்துக் குளிச்ச காலத்துல, சலாபம்னு அறிவிச்சதும் எல்லாரும் கடல்ல குதிச்சதில்ல. முதல்ல ஆளனுப்பி முத்துப் பார்களைச் சோதிப்பாங்க. கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்து, முத்து எப்படி இருக்குன்னு மதிப்புப் போட்டு, தேறும்னாத்தான் சலாபம் திறப்பாங்க. தேறலன்னா அந்த வருஷம் கிடையாது. தூத்துக்குடியில கடைசியாக் குளிச்சது 1961ல. நான் அன்னைக்கு மாமா ஆபீஸ்ல மாதிரிச் சிப்பி எடுக்காமலே குதிச்சிட்டேன்.

மாமா மெஷின்ல இப்ப ஆறு ஆப் மட்டும் தானா எந்திரிக்குது. டோக்கன் புரோகிராம் முதல் வரியில இருக்கு. அடுத்த லீவுல ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், ஒரு நிமிஷத்துக்குள்ள ரெடியாயிடுது. மானிட்டர்ல ஒரு தாள் ஒட்டியிருக்கு. அதுல கீழ அந்த அக்கா சிவப்பு இங்க்ல எழுதியிருக்காங்க: "கேக்காமல் எதையும் நிறுத்தக் கூடாது."

இந்த வாரம் உங்க வீட்டுல அப்பாவோ அத்தையோ "கம்ப்யூட்டர் ஸ்லோ"ன்னு சொன்னா, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி அவங்களைக் கேளுங்க. எத்தனை பேர் எந்திரிச்சாங்கன்னு எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.